உக்கிராணக்காரன் கணக்கு

ஒரு தாலந்து என்றால் எத்தனை வெள்ளி என்று ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தாலந்து என்றால் திறமை, அவ்வளவுதான். பாட வருகிறவனுக்குக் குரல் தாலந்து. கீபோர்டு வாசிக்கிறவளுக்கு விரல் தாலந்து. ஒன்றும் வராதவனுக்கு நாற்காலி அடுக்குகிற தாலந்து. மத்தேயு எழுதிய அந்தக் கதையில் எஜமான் பயணம் போகும்போது மூன்று வேலைக்காரர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். இரண்டு பேர் அதைப் பெருக்குகிறார்கள். மூன்றாமவன் மண்ணைத் தோண்டிப் புதைத்து வைக்கிறான், திட்டு வாங்குகிறான். 'ஆகவே பிள்ளைகளே, உங்கள் திறமையைப் புதைக்காதீர்கள்' என்று பாடம் முடியும்.

ஆனால் தாலந்து என்பது எடை. வெள்ளியை நிறுத்துக் கணக்குப் பார்க்கிற பெரிய அலகு. ஒரு தாலந்துக்குச் சுமார் 6,000 தெனாரியம் என்பது பொதுவாக ஆய்வாளர்கள் சொல்கிற கணக்கு. தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். பழைய தமிழ் வேதாகமத்தில் அதற்குப் 'பணம்' என்றே பெயர். இன்று மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 65 வெள்ளி 38 சென். 6,000ஆல் பெருக்குங்கள். 392,280 வெள்ளி வருகிறது. நாம் எல்லாரும் பாவம் பார்க்கிற அந்த ஒற்றைத் தாலந்துக்காரன் கையில் நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கிறது. ஐந்து வாங்கியவனிடம் இருந்தது ஏறக்குறைய இருபது லட்சம்.

இதே கணக்கை ஏழை விதவைக்கும் போட்டுப் பார்த்தேன். எருசலேம் தேவாலயத்தின் காணிக்கைப் பெட்டியில் அவள் போட்டது இரண்டு காசு. இரண்டும் சேர்ந்தால் ஒரு துட்டு. ஒரு தெனாரியத்தில் 64இல் ஒரு பங்கு. இன்றைய கூலிக்கு 1 வெள்ளி 2 சென். மாமாக் கடையில் ஒரு தே தாரிக்குக்கூட அது பத்தாது.

ஆக, பணத்தைப் பற்றி நம் சபைகளில் அதிகம் பிரசங்கிக்கப்படுகிற இரண்டு கதைகளில் ஒன்று லட்சக்கணக்கில் வைத்திருந்தவர்களைப் பற்றியது, மற்றது ஒரு வெள்ளி வைத்திருந்தவளைப் பற்றியது. இதில் தவறேதும் இல்லை. எந்தக் கதையை யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் பார்த்தவரை, கார் நிறுத்த இடமில்லாத பெரிய சபைகளில் தாலந்துக் கதை ஓடுகிறது: முதலீடு செய், பெருக்கு, தேவன் உன்னை நம்பிக் கொடுத்திருக்கிறார். பஸ்ஸிலும் மோட்டாரிலும் வருகிறவர்களின் சபைகளில் விதவை வருகிறாள்: அவளே கொடுத்தாளே, நீ கொடுக்கக்கூடாதா? நியாயமாக இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். படித்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில், பி.டி.பி.டி.என் கடனில். 2021 முதல் எங்கள் சபையில் காணிக்கை எண்ணுகிற குழுவில் இருக்கிறேன். ஆராதனை முடிந்ததும் பின்னறையில் மூன்று பேர் உட்கார்ந்து எண்ணுவோம். தசமபாகக் கவர்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் கொஞ்ச நாளில் எந்த எண் யாருடையது என்று கைக்கே தெரிந்துவிடும். வெளியே பேசக்கூடாது என்பது குழுவின் முதல் விதி. அதனால் இனி சொல்லப்போகிற ஆண்ட்டியின் அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தொகையை மாற்றவில்லை.

2022 ஏப்ரலில் ஊழியர் சேமநிதியிலிருந்து பத்தாயிரம் வெள்ளி வரை சிறப்பாக எடுத்துக்கொள்ள அரசாங்கம் அனுமதி கொடுத்தது நினைவிருக்கும். கோவிட் காலத்தின் கடைசி ஈபிஎஃப் சலுகை அது. ஈஸ்டர் முடிந்த அதே வாரத்தில் பணம் கணக்குக்கு வர ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு காணிக்கை எண்ணும்போது ஒரு கவரில் இருபது ஐம்பது வெள்ளித் தாள்கள். மேலே பால்பாயிண்டில் 'ஈபிஎஃப் தசமபாகம்'. அந்த எண்ணில் வழக்கமாக 100, 120 என்றுதான் வரும். ஆண்ட்டி ஒரு தனியார் கிளினிக்கில் துப்புரவு வேலை செய்கிறவர். கணவர் இல்லை. அப்போது சம்பளம் 1,200. அடுத்த மாதம்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ஆனது. ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார்.

பிறகு ஒருநாள் அவரே பேச்சுவாக்கில் சொன்னார்: "மாசாமாசம் கைக்கு வந்ததுக்குத்தான் தம்பி குடுத்தேன். ஈபிஎஃப்புக்கு வெட்டுனதுக்குக் குடுக்கலை. இப்ப அது கைக்கு வந்துருச்சு. குடுக்கணும்தானே?"

இதில் ஒரு ஓட்டையும் இல்லை. எங்கள் வாலிபர் கூட்டத்தில் 'தசமபாகம் கிராஸிலா நெட்டிலா' என்று ஒருமுறை ஒன்றரை மணி நேரம் அடித்துக்கொண்டோம். நெட்டில் கொடுக்கிறவன் சேமநிதியை எடுக்கும்போது பாக்கியைக் கொடுத்தாக வேண்டும் என்ற முடிவுக்கு அங்கே யாரும் வரவில்லை. ஆண்ட்டி யார் துணையும் இல்லாமல் வந்திருந்தார். எங்கள் எல்லாரையும்விட அவருடைய கணக்குச் சுத்தம்.

என் மண்டைக்குள் வேறு கணக்கு ஓடியது. ஈபிஎஃப் ஈவுத்தொகையை வருடத்துக்கு ஆறு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 72ஐ ஆறால் வகுத்தால் பன்னிரண்டு. பன்னிரண்டு வருடத்தில் அந்த ஆயிரம் இரண்டாயிரம் ஆகியிருக்கும். 55 வயதில் ஒருவர் கணக்கில் 240,000 வெள்ளியாவது இருக்க வேண்டும், மாதம் ஆயிரம் என்று இருபது வருடத்துக்கு வரும் என்பது அப்போது சேமநிதி வாரியம் சொன்ன அடிப்படை அளவு. ஆண்ட்டியின் கணக்கு அதற்குப் பக்கத்தில்கூட இல்லை என்பதை யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். கட்டட நிதிக்கு ஆயிரம் வெள்ளி என்பது தரையில் கொஞ்சம் ஓடு. அவருக்கு அது கிழவயதில் பல மாதத்து அரிசி.

இந்தப் பணத்தைச் சபை வாங்கலாமா?

வேண்டாம் என்று சொல்வதற்கு வேதத்திலேயே நிறைய இருக்கிறது. விதவையின் காணிக்கைக் கதையை அதற்கு முன்னும் பின்னும் உள்ளதோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1982இல் ஆடிசன் ரைட் என்பவர் எழுதிய கட்டுரை இதில் பிரபலம். மாற்குவில் அந்தக் காட்சிக்குச் சற்று முன்புதான் இயேசு, நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரைக் கண்டிக்கிறார். காட்சி முடிந்த உடனே, இந்தத் தேவாலயம் கல்லின்மேல் கல் இல்லாமல் இடிந்துபோகும் என்கிறார். நடுவில் ஒரு விதவை தன் பிழைப்புக்கு இருந்த எல்லாவற்றையும் இடியப்போகிற கட்டடத்துக்குப் போடுகிறாள். அவர் அவளைப் பாராட்டினாரா, அவளுக்காக வருத்தப்பட்டாரா? 'நீங்களும் அப்படிச் செய்யுங்கள்' என்று அவர் சொன்னதாக அங்கே இல்லை. அந்த வரியை நாம்தான் சேர்த்துக்கொண்டோம்.

தசமபாகமும் அப்படித்தான். மோசேயின் சட்டத்தில் அது தானியத்துக்கும் திராட்சரசத்துக்கும் எண்ணெய்க்கும் ஆடுமாட்டுக்கும் உரியது. நிலம் வைத்திருந்தவர்களின் கணக்கு. உபாகமம் 14ஆம் அதிகாரத்தைத் திறந்தால் இன்னும் ஆச்சரியம்: அந்தப் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் விருந்து சாப்பிடச் சொல்கிறது. மூன்றாம் வருடத்துப் பங்கு மட்டும் ஊரிலேயே தங்க வேண்டும், லேவியனுக்கும் அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். கவனியுங்கள், விதவை அங்கே கொடுக்கிறவர்களின் வரிசையில் இல்லை, வாங்குகிறவர்களின் வரிசையில் இருக்கிறாள். சட்டத்தை அப்படியே பின்பற்றுவதென்றால் நாங்கள் ஆண்ட்டிக்கு ஒரு கவர் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

'விதை காணிக்கை' பற்றியும் ஒரு வார்த்தை. இது எங்கள் சபையில் இல்லை, ஆனால் வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் வருகிறது. விதைத்தால் அறுப்பாய், நூறு போட்டால் ஆயிரமாய் வரும். அமெரிக்கப் பிரசங்கி ஓரல் ராபர்ட்ஸ் 1970இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அதற்கு ஆதாரமாகக் காட்டுகிற விதைப்பு உவமை பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் வருகிறது. அந்தப் பகுதி முழுக்க எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகத் திரட்டிய நிதியைப் பற்றியது. ஒலிபெருக்கி வாங்க அல்ல. அதே இடத்தில் பவுல், மற்றவர்கள் சுகமாயிருக்க நீங்கள் கஷ்டப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஒரு சமநிலை வர வேண்டும் என்ற பொருளில் எழுதுகிறார். இதை விதைக் காணிக்கைக்காரர்கள் வாசித்து நான் கேட்டதில்லை.

இவ்வளவும் இருந்தும் என்னால் 'திருப்பிக் கொடுங்கள்' என்று சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பவுலின் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் மக்கெதோனியாக்காரர்கள் இருக்கிறார்கள். கொடிய வறுமையில் இருந்தவர்கள். தங்கள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டார்கள் என்கிறார் பவுல். ஏழைக்கு வாங்குகிற உரிமை மட்டும்தான் உண்டு, கொடுக்கிற உரிமை கிடையாது என்று சொல்ல நான் யார்? செயற்குழுவில் ஒரு மூத்தவர் இதைத்தான் வேறு மாதிரி கேட்டார்: "அவங்க கவரைத் திருப்பிக் குடுத்தா, உங்க காசு இங்கே செல்லாதுன்னு சொன்ன மாதிரி ஆகாதா?" வாழ்க்கை முழுக்கக் கூட்டிப் பெருக்கிச் சம்பளம் வாங்கி, முதல் முறையாக நான்கு இலக்கத் தொகையைத் தேவனுக்குக் கொடுக்கிற ஒரு பெண்ணிடம் போய், அக்கா, நீங்க இந்த அளவுக்கு ஆள் இல்லை என்று சொல்வதா?

பணம் கட்டட நிதிக்கே போனது. ரசீது எழுதியது நான்தான்.

அதற்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் ஆண்ட்டியின் ஆயிரத்தைப் பற்றிப் பேசினோம். என்னுடைய ஐந்நூற்றுச் சொச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐயாயிரத்துச் சொச்சம் சம்பளத்தில் பத்தில் ஒன்று. அது ஆன்லைனில் தானாகப் போய்விடுகிறது. போன பிறகு என் வாழ்க்கையில் எதுவும் குறைவதில்லை. ஒரு சாப்பாடு குறையாது, ஒரு பயணம் தள்ளிப்போகாது. சதவீதம் பார்த்தால் நானும் ஆண்ட்டியும் சமம். சதவீதத்தின் வசதியே அதுதான். 1,200லிருந்து 120 போவதும் 12,000லிருந்து 1,200 போவதும் காகிதத்தில் ஒன்றுபோலத் தெரியும். வருமான வரி வாரியத்துக்கே படிநிலை என்று ஒன்று இருக்கிறது, சபைக்கு இல்லை. யாராவது விசாரிக்கப்பட வேண்டும் என்றால் அது 'கொடுத்தாகிவிட்டது' என்று டிக் போட்டுவிட்டு மீதித் தொண்ணூறும் என்னுடையது என்று எழுந்து போகிற எங்களைப் போன்றவர்கள்தான்.

இங்கேதான் எனக்கு ஜான் வெஸ்லி தேவைப்பட்டார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். பணத்தைப் பற்றி அவர் செய்த பிரசங்கம் 1760இல் அச்சானது. முடிந்த அளவு சம்பாதி, முடிந்த அளவு மிச்சம் பிடி, முடிந்த அளவு கொடு என்று மூன்று விதிகளாக அதை இன்றும் சுருக்கிச் சொல்வார்கள். சுருக்கத்தில் பாதி காணாமல் போய்விடுகிறது. சம்பாதிப்பதற்கு அவர் போடுகிற நிபந்தனைகள் நீளம்: உன் உடம்பைக் கெடுத்துச் சம்பாதிக்காதே, அடுத்தவன் உடம்பையும் சொத்தையும் கெடுத்துச் சம்பாதிக்காதே. சாராயம் விற்பதும் அடகுக்கடை நடத்துவதும் அவருக்கு ஆகாது. மிச்சம் பிடிப்பது என்று அவர் சொன்னது பேங்கில் போட்டுப் பெருக்குவதை அல்ல. வீணாகச் செலவழிக்காமல் இருப்பதை. எதற்கு? மூன்றாவது விதிக்காக.

இன்னொரு பிரசங்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு கால மெதடிஸ்ட் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அது வெஸ்லியேதான் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். அந்த ஆளின் வருட வருமானம் 30 பவுன். 28இல் வாழ்ந்துவிட்டு 2 பவுனைக் கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது. அப்போதும் 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். மூன்றாம் வருடம் 90, கொடுத்தது 62. நான்காம் வருடம் 120, கொடுத்தது 92.

முதல் வருடத்தைப் பாருங்கள். கொடுத்தது பத்தில் ஒன்றுகூட இல்லை. நான்காம் வருடம் முக்கால் பங்குக்கும் மேலே. அவர் சதவீதத்தை நிலையாக வைக்கவில்லை, தன் செலவை நிலையாக வைத்தார். எங்கள் தொழிலில் சொன்னால், எதை மாறிலியாக வைப்பது என்பதுதான் முழு வடிவமைப்பையும் தீர்மானிக்கிறது. தசமபாகம் கொடுப்பதை மாறிலியாக வைக்கிறது, வாழ்க்கைத்தரம் சம்பளத்தோடு ஏறிக்கொண்டே போகலாம். வெஸ்லி வாழ்க்கைத்தரத்தைக் கட்டிப்போட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் என் வயதுப் பையன்கள் இதைத் தினமும் யூடியூபில் பார்க்கிறார்கள். சம்பளத்தில் பாதியை மிச்சம் பிடி, சம்பளம் கூடினாலும் செலவைக் கூட்டாதே, நாற்பதில் ஓய்வு பெறு. வெஸ்லியின் முதல் இரண்டு விதிகள் அப்படியே இருக்கின்றன. மூன்றாவதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்டெக்ஸ் ஃபண்டை ஒட்டியிருக்கிறார்கள். வெஸ்லிக்கே இது கடைசிக் காலத்தில் தெரிந்திருந்தது. பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் கொண்டுவருகிறது, அவை செல்வத்தைக் கொண்டுவருகின்றன, செல்வம் பக்தியைத் தின்றுவிடுகிறது என்று 1786இல் புலம்பி எழுதினார். மாக்ஸ் வெபர் முதலாளியத்தையும் புராட்டஸ்டன்ட் மார்க்கத்தையும் பற்றிய தன் புகழ்பெற்ற ஆய்வில் அந்தப் புலம்பலை எடுத்துக்காட்டுகிறார். தன் கண்டுபிடிப்பின் பக்கவிளைவைத் தானே பார்த்துவிட்ட மனிதர் வெஸ்லி.

அப்படியானால் சேர்த்து வைப்பதே விசுவாசக் குறைவா? சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வனாந்தரத்தில் மன்னா விழுந்த கதையில், நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்று பயந்து எடுத்து வைத்தது புழு வைத்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் ஓய்வுநாளுக்காக இரண்டு மடங்கு எடுத்து வைத்தது நாறவில்லை. ஒரே மன்னாதான், பானையும் அதேதான். ஓய்வுக்காகச் சேர்ப்பது வேறு, பயத்தில் குவிப்பது வேறு. ஈபிஎஃப் இதில் முதல் வகை என்றே நினைக்கிறேன். ஆண்ட்டியிடமிருந்து எடுக்கப்பட்டது அந்த ஆறாம் நாள் பங்கு. அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

சேமிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் யோசேப்பை இழுக்காமல் இருப்பதில்லை. ஏழு வருட விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்துப் பஞ்சத்தில் எகிப்தைக் காப்பாற்றியவர். 'பட்ஜெட் போட்ட முதல் விசுவாசி' என்று ஒரு கருத்தரங்கில் கேட்டேன். ஆதியாகமம் 47ஆம் அதிகாரம் வரை அந்தப் பேச்சாளர் போகவில்லை. அங்கே யோசேப்பு தானியத்தை மக்களுக்கே விற்கிறார். முதலில் அவர்கள் பணம் தீர்ந்தது, பிறகு ஆடுமாடு போனது, பிறகு நிலம், கடைசியில் அவர்களே பார்வோனுக்கு அடிமைகள். சேமிப்பு நல்லதுதான், களஞ்சியத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சாவி என்றதும் உக்கிராணக்காரன் நினைவு வருகிறது. வீட்டுப் பொருளுக்குப் பொறுப்பாளனைத் தமிழ் வேதாகமம் அப்படித்தான் அழைக்கிறது. இப்போது மேடையில் எல்லாரும் ஆங்கிலச் சொல்லையே போடுகிறார்கள், அது கேட்க ஏதோ நிதி மேலாளர் மாதிரி இருக்கிறது. உக்கிராணம் என்பது சாமான் அறை. கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாம் இருக்கிற அறை, அதன் சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் வேலை சாமானைப் பெருக்குவது இல்லை. கடைசிப் பந்தி வரைக்கும் பற்றாமல் போகக்கூடாது, அதே சமயம் பந்தியில் ஆள் காத்திருக்கும்போது உள்ளே மூட்டை பிரிக்காமல் கிடக்கவும் கூடாது. லூக்கா 16இல் வரும் உக்கிராணக்காரனோ மோசடிக்காரன். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் எஜமானின் கடனாளிகளைக் கூப்பிட்டு, நூறு குடம் எண்ணெய் பாக்கி என்பதை ஐம்பது என்றும், நூறு கலம் கோதுமை என்பதை எண்பது என்றும் எழுதச் சொல்கிறான். எஜமான் அவனைப் புத்திசாலி என்கிறான்! வெஸ்லியின் பிரசங்கம் இந்தக் கதையின்மேல்தான். மற்றவர்களின் கடனைக் குறைத்தவன் அதில் கெட்டிக்காரனாகிறான்.

கடன், வட்டி பற்றிச் சுருக்கமாக. என் பக்கத்து மேசை மலாய் நண்பன் கார் வாங்கும்போது இஸ்லாமியத் தவணை முறைதான் வேண்டும் என்று இரண்டு பேங்க் ஏறி இறங்கினான். நான் மைவி வாங்கியபோது மாதத்தவணை எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டேன். வட்டி என்பது ஒரு மார்க்கக் கேள்வி என்றே எங்களுக்குத் தோன்றுவதில்லை. ஆனால் ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்காதே என்று யாத்திராகமத்தில் இருக்கிறது. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம் வட்டிக்காரர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கத்தையே மறுத்தது. 1545இல் ஒரு கடிதத்தில் கால்வின் கதவைத் திறந்துவிட்டார், ஏழையிடம் வாங்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. கதவு ஞாபகம் இருக்கிறது, நிபந்தனை மறந்துபோனது. இங்கே உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர்களே அடமானமில்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 சதவீதம் வரை வாங்கலாம். ஆலோங் கணக்கு தனி. சபை உறுப்பினர் ஒருவர் ஆலோங்கிடம் போகிறார் என்றால் அதற்கு முன்பு எத்தனை பேரிடம் கேட்டுப் பார்த்திருப்பார்?

இதற்கு நம் பெண்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கூட்டு. பத்துப் பேர், ஆளுக்கு 200 வெள்ளி, மாதம் ஒருவருக்கு 2,000. மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட 'கூத்து' என்றே சொல்கிற அளவுக்கு இந்தச் சொல் பரவியது. 1971இல் நாடாளுமன்றம் அதைத் தொழிலாக நடத்துவதைத் தடுத்துச் சட்டம் போட்டபோது சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் ஏறிக்கொண்டது. தலைவி ஓடிப்போய்க் குடும்பங்கள் அழிந்த கதைகள் எல்லாத் தாமானிலும் உண்டு, அதனால் இதைக் கொண்டாடச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் சபைப் பெண்கள் சிலருக்குள் நடக்கிற கூட்டின் கணக்கை வைத்திருப்பது அந்த ஆண்ட்டிதான் என்று பிறகு தெரிந்தது. சீட்டுக் குலுக்குவதில்லை. யாருக்கு அவசரமோ அவருக்கு முதல் மாதம். ஒருத்தி மகள் பல்கலைக்கழகம் போகும்போது, ஒருத்தி வீட்டில் மின்சாரம் வெட்டப்போகிறார்கள் என்றபோது. தன் முறையை ஆண்ட்டி எப்போதும் கடைசிக்குத் தள்ளி வைத்துக்கொள்வாராம். கடைசியில் எடுப்பவர் வட்டியில்லாமல் மற்ற ஒன்பது பேருக்கும் கடன் கொடுத்தவர் ஆகிறார், யோசித்துப் பாருங்கள். நாங்கள் செயற்குழுவில் பாதுகாக்க வேண்டிய விதவையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், மாதம் 2,000 வெள்ளிக்கு உக்கிராணக்காரியாக இருந்திருக்கிறார்.

அதனால் கவர் விஷயத்தில் என் கருத்து மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஓய்வுக்காலப் பணத்தைச் சபை கேட்கக் கூடாது. கேட்காமல் வந்தால் குறைந்தது கட்டடத்துக்குப் போகாமல் அவசர உதவி நிதிக்குப் போக வேண்டும், அந்த நிதியிலிருந்து முதலில் எடுக்கிற உரிமை அதைப் போட்டவர்களுக்கு இருக்க வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பக்கத்துக் கணக்குக்கு வெஸ்லியின் 28ஐ எடுத்து இரண்டு சுழி சேர்த்தேன். கொஞ்சம் விளையாட்டாகத்தான். மாதம் 2,800. அதற்குள் வாடகை, கார், பி.டி.பி.டி.என், அம்மாவுக்குக் கொடுப்பது, சாப்பாடு எல்லாம். மேலே வருவதில் பாதி ஆறு மாதச் செலவு சேரும் வரை சேமிப்புக்கு, மீதிப் பாதி கொடுப்பதற்கு. ஆறு மாதம் சேர்ந்த பிறகு சேமிப்புப் பக்கம் சுருங்க வேண்டும். சம்பளம் ஏறினாலும் 2,800 ஏறக்கூடாது, விலைவாசிக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். எக்செல்லில் பார்க்க நன்றாகவே இருக்கிறது. பதினோரு மாதமாக ஓடுகிறது. இரண்டு மாதம் தாண்டியது, கார் டயரும் ஒரு நண்பன் கல்யாணமும்.

போன மாதம் அம்மா அதைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்து என்னைப் படிக்க வைத்தவர், தசமபாகத்தை ஒரு மாதமும் தவறவிடாதவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "கல்யாணம் எந்த வரியில இருக்கு?" என்று கேட்டார். வெஸ்லிக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "நாளைக்கு வர்றவ இந்த ரெண்டாயிரத்து எண்ணூறுக்கு ஒத்துக்கிட்டாளா? அவளைக் கேக்காம நீயே எப்படி நம்பர் போடுவ?" கேள்வி நியாயமானது. கட்டிப்போடுவது என் வாழ்க்கைத்தரத்தை மட்டும் என்றால் சுலபம், வெஸ்லியின் கணக்கு ஒற்றை ஆளின் கணக்கு. பிறகு அம்மாவே ஒரு புது வரியைச் சேர்க்கச் சொன்னார். கல்யாணத்துக்கு இல்லை, அவருடைய அக்காவின் டயாலிசிஸுக்கு.